பாடச்சுமை இல்லாத படிப்பா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் கவின் கலைக் கல்லூரி மாணவர்களின் ஆண்டுக் கண்காட்சிக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். அதற்கு நன்றி. ஆனால் மற்றக் கல்லூரிப் பிள்ளைகளைப் போல இவர்களுக்குப் பாடச்சுமை கிடையாது, மரத்தடியில் உட்கார்ந்து படம் போட்டாலே பட்டம் கிடைத்துவிடும் என்று உங்கள் நிருபர் எழுதியிருக்கிறார். சிற்பப் பிரிவில் பாடம் நடத்தியவன் என்ற முறையில் இதைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை.

பி.ஏ. மூன்று ஆண்டு, இவர்கள் படிக்கும் கவின் கலைப் பட்டமான பி.எஃப்.ஏ. நான்கு ஆண்டு என்பது தங்களுக்குத் தெரியும். சேருவதற்கே வரைதிறன் தேர்வு உண்டு. சேர்ந்த பிறகு கலை வரலாறும் அழகியலும் எழுத்துத் தேர்வுகள்.

அந்த மரத்தடியையே எடுத்துக்கொள்வோம். நீர்வண்ணத்துக்கு முதலில் தாளை நனைத்து, பலகையில் கோந்து நாடா ஒட்டி இழுத்துக் காயவிட வேண்டும். இல்லாவிட்டால் முதல் பூச்சிலேயே தாள் அலை அலையாக எழும்பி, வண்ணம் பள்ளத்தில் போய்த் தேங்கிவிடும். அரை மணியில் நிழல் நகர்ந்துவிடும். எனவே வெளிச்சம் எங்கே, இருட்டு எங்கே என்பதை உட்கார்ந்த உடனே குறித்துவைக்க வேண்டும். சித்திரை வெயிலில் தூரிகை அடுத்த இழுப்புக்கு வருவதற்குள் முந்தைய இழுப்பு காய்ந்து விளிம்பு கட்டிவிடும். ஐப்பசி மழையில் காயவே காயாது. எழும்பூர் ரயில் நிலையத்தில் ஸ்கெட்ச் போடுகிறவர்களுக்கு நிழல்கூட நிற்பதில்லை, ஆளே நகர்ந்துவிடுவார். மூட்டை தூக்குபவரின் முதுகு வளைவை ஒரு நிமிடத்துக்குள் பிடித்தாக வேண்டும்.

நீங்கள் பெரிதாக அச்சிட்டிருந்த அந்த முதியவரின் தலைக்கு வருகிறேன். படத்தின் கீழே ‘மாணவரின் களிமண் கைவண்ணம்’ என்று போட்டிருந்தீர்கள். கண்காட்சியில் நான் பார்த்த அந்தத் தலை பிளாஸ்டர், ஐயா. அதைச் செய்த களிமண் எப்போதோ தொட்டிக்குத் திரும்பியிருக்கும்.

நிஜத் தலையின் அளவில் ஒரு தலை என்றால் பதினைந்து கிலோவுக்குக் குறையாமல் களிமண் ஏறும். அதைத் தாங்க பலகையில் ஒரு கம்பு நட்டு, அதில் கம்பி வளையங்களும், கம்பியில் கட்டிய சிறு மரச்சிலுவைகளும் தொங்கவிட வேண்டும். அந்தச் சிலுவைகள் இல்லையென்றால் மூன்றாம் நாள் தாடை சரிந்து மார்பில் கிடக்கும். வேலை நடக்கும் இரண்டு மூன்று வாரமும் ஒவ்வொரு மாலையும் தண்ணீர் தெளித்து, ஈரத்துணி சுற்றி, பாலிதீன் போட்டுக் கட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். பொங்கல் விடுமுறையில் நான்கு நாள் கூடம் பூட்டியிருந்தால் மண் சுருங்கும், உள்ளே கம்பு சுருங்காது. காதுக்குப் பின்னால் வெடிப்பு விழும். விடுமுறை முடிந்து துணியை அவிழ்க்கும் பிள்ளையின் முகத்தை உங்கள் நிருபர் ஒருமுறை வந்து பார்க்க வேண்டும்.

அதன் பிறகுதான் மோல்டு, அதாவது வார்ப்பு அச்சு. இரு காதுகளுக்குப் பின்னால் தொடங்கி உச்சி வழியாக மெல்லிய பித்தளைத் தகடுகளை வரிசையாகச் செருகி, முன்பாதி பின்பாதி என்று பிரிக்க வேண்டும். பிளாஸ்டரைத் தண்ணீரில்தான் தூவ வேண்டும், பிளாஸ்டர்மேல் தண்ணீர் ஊற்றினால் கட்டி தட்டும். மாவு நீர்மட்டத்துக்கு மேல் சிறு திட்டுகளாகத் தெரியும்போது நிறுத்தி, குமிழி வராமல் அடியிலிருந்து கையால் கலக்க வேண்டும். குமிழி இருந்தால் வார்ப்பில் அந்த இடம் பருவாக நிற்கும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் இறுகிவிடும். முதல் பூச்சில் கொஞ்சம் துணி நீலம் கலப்பார்கள். அதன்மேல் விரல் கனத்துக்கு வெள்ளைப் பூச்சு. இறுகியதும் பின்பாதியைக் கழற்றி, களிமண்ணைத் தோண்டி எடுத்து, கழுவி, சோப்புக் கரைசல் தடவி, இரண்டு பாதியையும் கட்டிப் புதுப் பிளாஸ்டர் ஊற்றுவார்கள். கடைசியில் மழுங்கிய உளியால் மோல்டை உடைக்க வேண்டும். வெள்ளை போய் நீலம் தெரிந்ததும் கை தானாக மெதுவாகும், ஏனென்றால் அதற்கடுத்தது முகம். ஒரு மோல்டில் ஒரே ஒரு தலைதான் கிடைக்கும். உளி வழுக்கினால் மூக்கு போய்விடும். மழைக்காலத்தில் வாய் திறந்து கிடந்த மூட்டையிலிருந்து எடுத்த பிளாஸ்டராக இருந்தால் சரியாக இறுகாமல் மொத்த உழைப்பும் பாழ். இதற்குப் பெயர் பாடச்சுமை இல்லையென்றால் வேறு எதற்கு?

பக்கத்துக் கூடங்களும் இப்படித்தான். சூளையில் ஈரம் காயாத ஒரு பானை வெடித்தால் அருகில் இருப்பவர்களின் பானைகளும் சேர்ந்து போகும். தகட்டில் கோடுகளை அமிலத்தால் அரித்துப் படம் அச்சிடும் எச்சிங் அறையில், துத்தநாகத் தகடு அமிலத்தில் கிடக்கும்போது, எழும்பும் குமிழிகளை ஒரு இறகால் வருடிக்கொண்டே பக்கத்தில் நிற்க வேண்டும்.

இந்த அலட்சியம் ஒரு நாளில் வந்ததல்ல. ஊரில் சுவருக்குப் படம் வேண்டுமென்றால் கல்லூரிப் பிள்ளைகளைக் கூப்பிடுகிறார்கள், பெயிண்ட்டும் மதியச் சாப்பாடும் கொடுத்தால் போதும் என்று நினைக்கிறார்கள். கூலி என்ற பேச்சே எழுவதில்லை. ஒவ்வொரு மே 1 அன்றும் மெரினாவின் உழைப்பாளர் சிலைப் படம் பத்திரிகைகளில் வருகிறது. 1959-இல் நிறுவப்பட்ட அந்தச் சிலையைச் செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. 1850-இல் தொடங்கிய சென்னைக் கலைப் பள்ளியின் முதல்வராக இருந்தவர். உழைப்பைப் போற்றும் நாளில் அந்த உழைப்பாளியின் பெயரைப் படத்தின் கீழே எத்தனை முறை போட்டிருக்கிறீர்கள் என்று தங்கள் பழைய இதழ்களைப் புரட்டிப் பார்க்க வேண்டுகிறேன்.

மறுப்போ வருத்தமோ நான் கேட்கவில்லை. இனி கண்காட்சிப் படம் வெளியிடும்போது செய்தவர் பெயர், தலைப்பு, எதில் செய்தது, எவ்வளவு உயரம் என்ற நான்கையும் ஒரு வரியில் போடுங்கள். ஒவ்வொரு படைப்பின் அருகிலும் சிறு அட்டையில் இவை எழுதியே இருக்கின்றன. புகைப்படக்காரர் அந்த அட்டையையும் ஒரு படம் எடுத்துக்கொண்டால் போதும். இடம் போதாவிட்டால் என் கடிதத்தைச் சுருக்கிக்கொள்ளுங்கள், அந்த முதியவரின் தலையைச் செய்த மாணவரின் பெயரை மட்டும் அடுத்த இதழில் வெளியிட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சிற்பப் பிரிவு ஆசிரியர்,
சென்னை