மாடி எடுக்கும் முன்னே

பாளையங்கோட்டை

அன்புள்ள சுடலைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மூத்தவள் பிரசவத்துக்கு வந்திருப்பதும், சேரன்மகாதேவி வயலில் பிசான நெல் நல்லபடியாக அறுத்து முடிந்ததும் சந்தோஷம். இங்கே எல்லோரும் சுகம்.

2028-ல் 58 முடிந்து வெளியே வரும்போது பி.எப்.பும் கிராஜுவிட்டியும் சேர்த்து 30 லட்சம் கையில் வரும், அதில் 20 லட்சத்துக்கு மாடி எடுத்து வாடகைக்கு விடலாம் என்று எழுதியிருக்கிறாய். வேண்டாம் மாப்ளே. மாசம் 8,000 வாடகை வந்தால் வருஷத்துக்கு 96,000. போட்ட பணத்துக்கு நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. அதிலும் வீட்டு வரி, வெள்ளையடிப்பு, ஆள் வராமல் பூட்டிக் கிடக்கும் மாசங்கள் போக வேண்டும். வாடகை ஏறும், வட்டி ஏறாது என்பாய், அது சரிதான். ஆனால் ஆஸ்பத்திரிச் செலவு என்று வந்தால் மாடியில் ஒரு அறையை மட்டும் பெயர்த்து விற்க முடியாதே.

பென்ஷன் மாசம் 7,500 வரும் என்று போட்டிருக்கும் கணக்கையும் திருத்திக்கொள். கம்பெனி கட்டும் 12 சதவீதத்தில் 8.33 பென்ஷனுக்குப் போகிறது. ஆனால் சம்பளம் எவ்வளவு இருந்தாலும் 15,000 வரைதான் கணக்கு. அந்த 15,000-மும் 2014 செப்டம்பரில் இருந்துதான். அதற்கு முந்தைய சர்வீசுக்கு 6,500 தான் உச்சவரம்பு. சம்பளத்தை சர்வீஸ் வருஷத்தால் பெருக்கி 70-ஆல் வகுப்பதுதான் பென்ஷன் கணக்கு. நீ சேர்ந்தது 1998. 2014 வரை 16 வருஷம்: 6,500-ஐ 16-ஆல் பெருக்கி 70-ஆல் வகுத்தால் 1,485. பிறகு 14 வருஷம்: 15,000-ஐ 14-ஆல் பெருக்கி 70-ஆல் வகுத்தால் 3,000. இருபது வருஷம் தாண்டினவர்களுக்குக் கூட்டித் தரும் இரண்டு வருஷத்தைச் சேர்த்தாலும் இன்றைய விதிப்படி ஐயாயிரத்தைத் தொடாது.

அந்தப் பணமும் பேப்பர் சரியாக இருந்தால்தான் நேரத்துக்கு வரும். நம் பக்கத்துப் பேர்களில் இதுதான் பெரிய தொல்லை. ஆதாரில் இனிஷியல் முன்னால் இருக்கும், பி.எப்.பில் பின்னால் இருக்கும், பான் கார்டில் அப்பா பேர் முழுசாக விரிந்திருக்கும். சுடலைமுத்து என்பதை இங்கிலீஷில் ஒரு இடத்தில் ஒரு 'எச்' போட்டும் இன்னொரு இடத்தில் போடாமலும் எழுதியிருப்பார்கள். அந்த ஒரு எழுத்துக்காக கிளெய்ம் திரும்பி வரும். பிறந்த தேதிக்கும் இதே கதிதான். இப்போது திருத்தம் கேட்டால் கம்பெனி ஆபீசில் உன்னைத் தெரிந்தவர்கள் இருந்து ஒப்புதல் கொடுப்பார்கள். ரிட்டயர் ஆன பிறகு அதே கையெழுத்துக்கு நடையாய் நடக்க வேண்டும்.

நடுவில் மில் மாறியிருக்கிறாய் அல்லவா? பழைய மில் உன் கணக்கில் வெளியேறிய தேதியைப் பதிந்திருக்கிறதா என்று உன் யூ.ஏ.என். (பி.எப். பொது எண்) போட்டுத் திறக்கும் இணையப் பக்கத்தில் பார். இல்லையென்றால் டிரான்ஸ்பர் நகராது. பணம் மாறினால் மட்டும் போதாது, பென்ஷன் சர்வீஸ் வருஷங்களும் மாறியிருக்க வேண்டும். நாமினேஷனை ஆன்லைனிலேயே போட்டுவிடு. முடியாத சிக்கல் இருந்தால், மாசாமாசம் 27-ஆம் தேதி பி.எப். ஆபீஸ் மாவட்டத்தில் நடத்தும் குறைதீர் முகாமுக்குப் பாஸ்புக்கோடு போ. ரிட்டயர் ஆகும்போது பி.எப். பணத்துக்குப் படிவம் 19, பென்ஷனுக்கு 10டி. இரண்டும் வேறு வேறு. 10டி-க்கு நீயும் உன் வீட்டுக்காரி தங்கச்சியும் சேர்ந்து எடுத்த போட்டோ வேண்டும்.

30 லட்சத்தை எப்படிப் பிரிப்பது? 18 லட்சத்தை தபால் ஆபீசில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடு. அறுபது ஆனால்தான் முடியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். ஐம்பத்தைந்து தாண்டி ரிட்டயர் ஆனவர்களும் போடலாம். ஆனால் பணம் கைக்கு வந்த மூன்று மாசத்துக்குள் போட வேண்டும், கம்பெனி சர்டிபிகேட்டும் வேண்டும். அந்த மூன்று மாசத்தை விட்டுவிட்டால் இரண்டு வருஷம் காத்திருக்க வேண்டியதுதான். 2023 ஏப்ரலில் வட்டியை 8.2 ஆக்கினார்கள், உச்சவரம்பு 30 லட்சம். போடும் நாளில் என்ன வட்டியோ அதுதான் ஐந்து வருஷத்துக்கும். 8.2 என்றால் மூன்று மாசத்துக்கு ஒருமுறை 36,900 சேமிப்புக் கணக்கில் ஏறும். எடுக்காமல் கிடக்கும் வட்டிக்கு வட்டி கிடையாது. ஒரு வருஷத்துக்குள் மூடினால் கொடுத்த வட்டியைப் பிடித்துக்கொள்வார்கள், இரண்டு வருஷத்துக்குள் என்றால் போட்ட பணத்திலிருந்து ஒன்றரை சதவீதம் போகும்.

அதனால்தான் ஐந்து லட்சம் தனியாக பாங்கு டெபாசிட்டில் இருக்கட்டும் என்கிறேன். அதை ஒரே ரசீதாகப் போடாமல் ஒரு லட்சம் வீதம் ஐந்தாகப் போடு. அவசரத்துக்கு ஒன்றை மட்டும் உடைக்கலாம்.

மிச்சம் ஏழு லட்சம் பத்து வருஷம் தொடாத பணமாக இருக்க வேண்டும். விலைவாசி வருஷம் 6 சதவீதம் ஏறினால் இன்றைக்கு 30,000-ல் நடக்கும் வீட்டுக்குப் பன்னிரண்டு வருஷத்தில் 60,000 வேண்டும், அந்த 36,900 மட்டும் அப்படியே நிற்கும். ஐம்பது பெரிய கம்பெனிப் பங்குகளை மொத்தமாகப் பின்பற்றும் நிப்டி இன்டெக்ஸ் பண்டில் ஒன்றரை இரண்டு வருஷமாகத் தவணை தவணையாகப் போடு. 2020-ல் நிப்டி 12,400-ல் இருந்து இரண்டே மாசத்தில் 7,500-க்கு இறங்கியது. நவம்பரில் பழைய இடத்துக்கு வந்தது. மார்ச்சில் பயந்து விற்றவர்களுக்குத்தான் நஷ்டம். அந்த இறக்கத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க உன்னால் முடியாது என்றால் ஏழு லட்சத்தைக் குறைத்து நாலாக்கு.

வயலைப் பொறுத்தவரை, பிசான நெல் வீட்டு அரிசிக்கு ஆகும். கார் பருவத்தை வருமானமாக எழுதாதே. பாபநாசம் அணையில் தண்ணீர் இருந்தால்தான் அது.

ஹெல்த் இன்சூரன்சை மட்டும் இந்த மாசமே எடு. கம்பெனி பாலிசி கடைசி நாளோடு முடிந்துவிடும். புதிதாக எடுப்பதில், ஏற்கனவே இருக்கும் சுகர், பிரஷருக்கு மூன்று வருஷம் வரை காத்திருப்பு உண்டு. சுகர் இருப்பதை மறைக்காமல் எழுது, மறைத்தால் அதையே காரணம் காட்டிப் பணத்தை மறுப்பார்கள்.

ஆனித் தேரோட்டத்துக்கு வருவாய்தானே? பாஸ்புக் பிரிண்ட், ஆதார், பான், பழைய மில்லின் ரிலீவிங் ஆர்டர் நாலையும் எடுத்து வா. உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப்பார்த்துவிடலாம். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி