எண்ணெய்க் கொப்பரை மட்டும்தானா நம் மறுமை?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் மறுவுலகம் பற்றி வெளியான கட்டுரையைப் படித்தேன். கிரேக்கர்களின் பாதாளத்தையும் இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் நரகத்தையும் கதையும் கவிதையுமாக விரித்துச் சொன்ன கட்டுரையாளர், நம் பக்கம் வந்ததும் பாகவதத்தின் ஐந்தாம் கந்தம் சொல்லும் 28 நரகங்களை வரிசையாக எழுதி, கீழே எண்ணெய்க் கொப்பரைப் படம் ஒன்றைப் போட்டு முடித்துவிட்டார். பட்டியலில் பிழை இல்லை. ஆனாலும் காவிரிக் கரையில் பிறந்து வளர்ந்த எனக்கு மனம் பொறுக்கவில்லை. செத்த பிறகு என்ன என்ற கேள்வியை இந்த மண் எத்தனையோ விதமாகக் கேட்டிருக்கிறது. அதில் கொப்பரையை மட்டும் பிள்ளைகள் கண்ணில் காட்டுவது நியாயமா?

பூம்புகாரையே எடுத்துக்கொள்ளுங்கள். மணிமேகலையின் ஆறாம் காதையில் அந்த நகரத்துச் சுடுகாடு வருகிறது. ‘சுடுவோர் இடுவோர் தொடுகுழிப் படுப்போர், தாழ்வயின் அடைப்போர் தாழியிற் கவிப்போர்’ என்று இறந்தவரை ஐந்து விதமாக வழியனுப்பியவர்கள் அங்கே வந்து போகிறார்கள். அந்த இடத்துக்குள் தனியாகப் போன சார்ங்கலன் என்ற சிறுவன் பேயைக் கண்டு மிரண்டு, ஓடிவந்து தாயிடம் சொல்லி உயிரை விட்டுவிடுகிறான். தாய் கோதமை மகனின் உடலைத் தூக்கிக்கொண்டு சுடுகாட்டு வாயிலில் நின்று நகரத்தின் காவல் தெய்வமான சம்பாபதியை அழைக்கிறாள். என் உயிரை எடுத்துக்கொண்டு இவன் உயிரைத் திருப்பிக் கொடு, கண்ணில்லாத என் கணவனை இவனாவது காப்பாற்றுவான் என்கிறாள். உயிருக்கு உயிர் மாற்றிக்கொள்ள முடியுமானால் அரசர்களுக்காக உயிர் தர எத்தனையோ பேர் இருந்தார்களே, பிறகு இந்தச் சுடுகாட்டில் அரசர்களுக்கென்று ஆயிரம் கோட்டங்கள், அதாவது நினைவுக் கோயில்கள், எழுந்தது ஏன் என்று தெய்வம் கேட்கிறது. அவள் விடவில்லை. சக்கரவாளம் என்ற பேரண்டத்துத் தேவர்கள் எல்லோரும் வந்து நிற்கிறார்கள். எல்லோரும் சொன்னது ஒரே பதில்: எங்களால் ஆகாது. கோதமை மகனை ஈமத்தில் இட்டுத் தானும் உயிர் நீத்தாள். தேவர்கள் கூடி வந்த அந்த நாளின் நினைவாகத் தெய்வத் தச்சன் மயன் அமைத்ததுதான் சக்கரவாளக் கோட்டம். தெய்வங்கள் தங்கள் இயலாமையை ஒப்புக்கொண்டதற்கு ஒரு நினைவுச் சின்னம்! இதைவிடத் துணிச்சலான காட்சி எந்த நாட்டுப் பாதாளக் கதையில் இருக்கிறது என்று தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

அங்கிருந்து தெற்கே அரை நாள் நடையில் திருக்கடவூர். பதினாறு வயது மார்க்கண்டேயனுக்காகச் சிவன் யமனையே காலால் உதைத்து வீழ்த்திய தலம். அறுபதாம் கல்யாணமும் எண்பதாம் கல்யாணமும் செய்துகொள்ள இன்றும் ஊர் ஊராக அங்கே வருகிறார்கள். சாவைத் தடுக்க எந்தத் தெய்வத்தாலும் முடியாது என்று சொன்ன பௌத்தக் காப்பியத்தின் நகரமும், சாவின் மார்பிலேயே கால் வைத்த சைவத் தலமும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். அப்பர் பெருமான் ‘நாமார்க்கும் குடியல்லோம் நமனை அஞ்சோம், நரகத்தில் இடர்ப்படோம்’ என்று பாடினார். இப்படி எதிரெதிராக நின்ற பதில்களைக் கட்டுரை ஒரு வரிகூடத் தொடவில்லை என்பதுதான் என் முதல் வருத்தம்.

யமன் விழுந்ததோடு கதை முடியவும் இல்லை. சாவு இல்லாமல் போனதால் பூமி பாரம் தாங்காமல் முறையிட, சிவன் அவனை எழுப்பி மீண்டும் தொழிலைக் கொடுத்த இடம் என்று திருச்சிக்கு அருகில் திருப்பைஞ்ஞீலியைச் சொல்வார்கள். எங்கள் நன்னிலத்துக்குப் பக்கத்தில் ஸ்ரீவாஞ்சியத்தில் யமனுக்குத் தனிச் சன்னதியே இருக்கிறது. அவனை வணங்கிவிட்டுத்தான் வாஞ்சிநாதரிடம் போக வேண்டும். எல்லா உயிர்களையும் பறிக்கும் பாவம் என்னைச் சேர்கிறதே என்று நொந்து போன யமன் இங்கே தவம் இருந்தான் என்பது தலபுராணம். மாசித் திருவிழாவில் இறைவன் அவனையே வாகனமாகக் கொண்டு புறப்பாடு வருகிறார். தன் வேலையை நினைத்துத் துயரப்படும் மரண தேவன்! எருமையும் பாசக்கயிறுமாக அவனைக் கண்டு அலறிய பிள்ளைகளுக்கு இந்த யமனையும் காட்ட வேண்டாமா?

கும்பகோணத்துப் பக்கம் திருமண்டங்குடியில் பிறந்த தொண்டரடிப்பொடி ஆழ்வார் ‘திருமாலை’ என்ற தம் பாசுரத் தொகுப்பில் நரகத்துக்குள்ளேயே போய்விடுகிறார். ‘நமனும் முற்கலனும் பேச நரகில் நின்றார்கள் கேட்க, நரகமே சுவர்க்கமாகும்’ என்பது அவர் வாக்கு. யமனும் முற்கலன் என்பவனும் பேசிக்கொண்டிருந்ததில் திருநாமம் காதில் விழுந்தது; அதைக் கேட்ட நரகவாசிகளுக்கு நின்ற இடமே சுவர்க்கமாகிவிட்டது. அவர்கள் மன்னிப்புக் கேட்டதாகவோ தண்டனைக் காலம் முடிந்ததாகவோ பாசுரத்தில் இல்லை. பக்கத்தில் நடந்த பேச்சு காதில் விழுந்தது, அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மறுவுலகம் என்றதும் தண்டனையைத்தான் நினைக்கிறோம். பழைய இலக்கியங்களில் அதைவிட ஆழமாகக் கிடப்பது பசி. ஏறக்குறைய 4000 ஆண்டுகளுக்கு முந்தைய சுமேரியக் கவிதை ஒன்றில் கீழுலகம் கண்ட தன் பணியாள் என்கிடுவிடம் மன்னன் கில்காமேஷ் அங்கே இருப்பவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லாமல் விசாரிக்கிறான். ஏழு பிள்ளைகளைப் பெற்றவன் நன்றாக இருக்கிறான். படையல் வைக்க ஆளில்லாதவன் தெருவில் எறிந்த மிச்சத்தைத் தின்கிறான். பிறக்கும்போதே இறந்த குழந்தைகள் மட்டும் பொன்னும் வெள்ளியுமான மேசையில் தேனும் நெய்யுமாக விளையாடுகிறார்கள். (இந்த வரியில் படிப்பதை நிறுத்திவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.) கிரேக்கக் காப்பியமான ஒடிசியிலோ, ஆட்டுக் குருதியைக் குடித்த பிறகுதான் இறந்த தாய்க்கு மகனை அடையாளம் தெரிகிறது. நம் புறநானூற்றின் ஒன்பதாம் பாட்டில் ‘தென்புல வாழ்நர்க்கு அருங்கடன் இறுக்கும் பொன்போற் புதல்வர்ப் பெறாஅதீரும்’ என்று போர் தொடங்கும் முன் ஒதுங்கச் சொல்லப்படுபவர்களில் பிள்ளை இல்லாதவர்களும் இருக்கிறார்கள். இறந்தவருக்குச் சோறும் நீரும் தர ஒருவர் மிஞ்ச வேண்டும் என்ற அக்கறை அது. ஆடி அமாவாசைக்குப் பூம்புகார் சங்கமுகத்தில் எள்ளும் நீரும் இறைப்பவர்களின் கையிலும் அதே அக்கறைதான். கிரேக்கர்கள் படகோட்டிக்குக் கூலியாகப் பிணத்தின் வாயில் காசு வைத்தார்கள் என்று கட்டுரை சொல்கிறது. நாம் காசை நெற்றியில் வைத்துவிட்டு வாயில் அரிசி போடுகிறோம். இந்த ஒப்பீடு கட்டுரையாளரின் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மணிமேகலையின் பதினாறாம் காதையில் வரும் சாதுவன் பகுதியைப் பொழிப்புரையோடு முழுதாக வெளியிடுங்கள். புகார் வணிகன் சாதுவன் கப்பல் உடைந்து, நாகர் மலையில் கரை ஒதுங்குகிறான். தின்ன வந்தவர்களிடம் அவர்கள் மொழியிலேயே பேசித் தப்பித்து, நாகர் தலைவன் முன் நிற்கிறான். கள்ளும் ஊனும் வேண்டாம், செய்த வினை மறுபிறவியிலும் தொடரும் என்கிறான். உடலை விட்ட உயிர் எப்படிப் போய் இன்னோர் இடம் புகும் என்று தலைவன் சிரிக்கிறான். உடம்பு இங்கே கிடக்க உயிர் பல காதம் போவதைக் கனவில் நீயே காண்கிறாயே என்று பதில் வருகிறது. எங்களால் இயன்ற அறத்தைச் சொல் என்கிறான் தலைவன். இனிக் கப்பல் உடைந்து வருபவர்களைக் கொல்லாதே; மூத்து விழும் விலங்கைத் தவிர வேறு எந்த உயிருக்கும் தீங்கு செய்யாதே என்கிறான் சாதுவன். தலைவன் சம்மதித்து, முன்பு தாங்கள் தின்றவர்களின் பொருள்களை அவனிடம் கொடுத்தனுப்புகிறான். மறுபிறவி உண்டா என்று இருவர் வாதிட்ட வாதத்தின் பயன், அந்தக் கரையில் இனி ஒதுங்கப்போகும் மாலுமிகளின் உயிர்!

ஆடி அமாவாசைக்கு முன் வரும் இணைப்பில் இடம் ஒதுக்கினால் நல்லது. பள்ளிப் பிள்ளைகள் படிக்கும்படி எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். படம் போடுவதாக இருந்தால், மகனைத் தூக்கிக்கொண்டு வாயிலில் நிற்கும் கோதமையைப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நன்னிலம்.