காப்பிப் பழத்தோலுக்கு ஒரு உலர்த்தி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஏற்காடு நாகலூர் பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் காப்பித் தோட்டம். மார்கழியில் பழம் பறித்த அன்று சாயங்காலமே தோலுரிக்கும் இயந்திரமான பல்பரில் போட்டுவிடுவோம். கொட்டை தொட்டிக்குப் போகும், சிவந்த தோல் பின்னால் குவியும். 100 கிலோ பழத்துக்கு 40 கிலோவுக்கு மேல் தோல்தான். அப்போது அள்ளினால் வெல்லப்பாகு மாதிரி கையில் ஒட்டும், வாசனையும் இனிக்கும். மறுநாள் மத்தியானத்துக்குள் அதே குவியல் புளித்துக் கறுத்து, ஈ மொய்க்கும்.

என் மாமனார் காலத்திலிருந்து அதை ஓடைக்கரையில்தான் கொட்டி வந்தோம். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு மழையில் எல்லாம் கரைந்து இறங்கிவிட்டது. கீழ்த்தோட்டத்து அண்ணன் சண்டைக்கு வரவில்லை. "மாடு வாய் வைக்க மாட்டேங்குது, வந்து பாரும்மா" என்று கூட்டிப்போய்க் காட்டினார். தண்ணீர் டிகாக்‌ஷன் நிறத்தில் நின்றது. அன்றோடு கொட்டுவதை நிறுத்தினோம். இப்போது குழியில் சாணத்தோடு போட்டு மட்கவைக்கிறோம்.

ஆனால் எருவோடு முடிந்துபோகிற பொருளா அது? கொட்டையில் இருக்கும் காஃபின் தோலிலும் இருக்கிறது. ஆன்டிஆக்ஸிடன்ட் என்று சொல்லும் குளோரோஜெனிக் அமிலம் இருக்கிறது, ஜாம் இறுகுவதற்குச் சேர்க்கும் பெக்டினும் இருக்கிறது. ஏமன் நாட்டில் காய்ந்த தோலை இஞ்சி தட்டிப் போட்டுக் காய்ச்சி, 'கிஷிர்' என்று காலங்காலமாகக் குடிக்கிறார்கள். காய்ந்த தோலைப் பானங்களில் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியமும் 2022இல் அனுமதி கொடுத்துவிட்டது. நானும் ஒரு பிடி காயவைத்துக் காய்ச்சிப் பார்த்தேன். உலர்ந்த திராட்சையும் லேசான புளிப்பும் கலந்த ருசி.

அந்த ஒரு பிடி காயவே எனக்கு ஒன்பது நாள் ஆயிற்று. அறுவடைக் காலத்தில் இங்கே பத்து மணி வரை பனிமூட்டம். பூஞ்சை பிடித்தால் எதற்கும் ஆகாது. கீழே சேலத்தில் ஜவ்வரிசி ஆலையில் மிஞ்சும் மரவள்ளித் திப்பியைக் கூட வெயிலில் காயவைத்துத் தீவனத்துக்கு விற்கிறார்கள். எங்களுக்கு அந்த வெயில் இல்லை. ஈரத்தோலை 20 கொண்டை ஊசி வளைவு இறக்கினால் வண்டி வாடகைக்கே கட்டாது.

அதனால் காப்பி வாரியமும் மாவட்ட நிர்வாகமும் நாகலூர் அல்லது வாழவந்தியில் சிறு விவசாயிகளுக்குப் பொதுவாக ஒரு உலர்த்தி அமைத்துத் தர வேண்டும். மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தார் ஒருமுறை வந்து, எந்த ஈரப்பதத்தில் கட்டி வைப்பது, மருந்தடித்த தோட்டத்துத் தோலை எப்படிப் பிரிப்பது என்று சொல்லித்தர வேண்டும். பழம் சிவக்கத் தொடங்குவதற்குள், ஐப்பசிக்கு முன்னால் செய்தால் இந்த வருஷத் தோலையே காப்பாற்றிவிடலாம்.

இப்படிக்கு,
ஒரு காப்பி விவசாயி,
நாகலூர், ஏற்காடு.