மெல்லிய ஸ்கேனர் வேண்டாம், தம்பி

காரைக்குடி

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நானும் உங்கள் அப்பச்சியும் நலம். நேற்று போனில் நீ ஆபீஸுக்குக் கிளம்பும் அவசரத்தில், "ஆத்தா, சின்னதா ஒரு ஸ்கேனர் பார்த்து வச்சிருக்கேன், பெட்டியில இடமே அடைக்காது, ஆர்டர் போட்டுடவா" என்று கேட்டாய், நானும் சரி சரி என்று சொல்லிவிட்டேன். ராத்திரி படுத்தால் மனசு கேட்கவில்லை. அந்த ஆர்டரைப் போடாதே. போட்டிருந்தால் நிறுத்திவிடு. போனில் ஆரம்பித்தால் பாதியில் நின்றுபோகும் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பிள்ளையார் நோன்புக்கு எல்லோரும் வருகிறீர்கள். இழை எடுத்த மறுநாள், ஐயா, அதாவது என்னைப் பெற்ற அப்பச்சி, சேர்த்த தபால்தலை ஆல்பத்தைப் பிரித்துக் கொடுத்துவிடுவது என்று அம்மானும் சின்னாத்தாவும் நானும் பேசி முடித்தாயிற்று. பர்மாப் பக்கங்கள் அம்மான் வீட்டுக்கு, மலாயா சின்னாத்தாவுக்கு, இலங்கையும் இந்தியாவும் நமக்கு. எனக்குச் சீர் சாமானோடு வந்த ஆல்பம்தான், மரவைக்கும் எவர்சில்வருக்கும் நடுவில் அதையும் வைத்து என் அப்பச்சி அனுப்பினார்கள். ஆனாலும் மூன்று பேருக்கும் அவர் அப்பச்சிதானே, எனக்கும் எழுபது தாண்டிவிட்டது. கொடுப்பதில் எனக்கு வருத்தமில்லை. பிரிப்பதற்கு முன்னால் அது முழு ஆல்பமாக இருந்தபடியே ஒரு நகல் வேண்டும், மூன்று வீட்டுக்கும் ஆளுக்கொன்று. பிரித்த பிறகு தனித்தனித் தாளாக ஸ்கேன் செய்வது சுலபம் என்று நீ சொல்வாய். தையலைப் பிரிக்கும்போதுதான், தம்பி, தபால்தலைகள் உதிரும், அப்புறம் எது எந்த இடத்தில் இருந்தது, எதற்குப் பக்கத்தில் எதை வைத்தார் என்பதெல்லாம் போய்விடும்.

போன வருஷம் ஒரு கடையில் பட்டது இன்னும் ஆறவில்லை. உதிரியாக இருந்த நாலு பக்கத்தைக் கொடுத்து, கண்ணாடியில் வைத்து எடுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் திரும்பினேன். அந்தப் பையன் வேகமாக முடிக்க நினைத்து, மேலே தாளை இழுத்துக்கொள்ளும் பகுதியில் விட்டுவிட்டான். உருளை இழுத்த இழுப்பில் ஒரு ஆறாம் ஜார்ஜ் தலை, அதைப் பக்கத்தோடு ஒட்டியிருந்த ஹிஞ்ச் என்கிற சின்ன ஒட்டுத்தாளோடு கழன்று உள்ளே சுருண்டது. எடுத்துப் பார்த்தால் மேல் வலது மூலையில் ஓரத்துப் பல் மூன்று இல்லை. தாள் இழுக்கிற மெஷின் எதுவும் வேண்டவே வேண்டாம், கண்ணாடியில் வைத்து எடுக்கிற பிளாட்பெட் ஸ்கேனர்தான் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

பிளாட்பெட்டிலும் இரண்டு வகை இருக்கிறது. நீ சொல்லும் கேனன் லைட் 400, எப்சன் வி39 மாதிரி மெல்லிசாக, யுஎஸ்பி ஒயரிலேயே ஓடுகிறவை சிஐஎஸ் வகை. அதில் பக்கத்தின் அகலத்துக்கு ஒரு சென்சார் பட்டை, கண்ணாடிக்கு அடியில் உரசினாற்போல் ஓடும். எப்சன் வி600 மாதிரி தடித்து, தனி அடாப்டரோடு வருவது சிசிடி வகை. அதற்குள் சின்னச் சின்ன முகம்பார்க்கும் கண்ணாடிகள் வெளிச்சத்தை மடக்கி மடக்கி ஒரு லென்ஸ் வழியாகச் சென்சாருக்கு அனுப்புகின்றன, அதனால்தான் பெட்டி அவ்வளவு உயரம்.

ஆத்தங்குடியில் பூக்கல் செய்வதைச் சின்ன வயதில் உனக்குக் காட்டியிருக்கிறேன், ஞாபகம் இருக்கிறதா? கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து வண்ணச் சாந்தை ஊற்றுவார்கள், கல்லின் முகம் கண்ணாடியைப் பார்த்துக் கவிழ்ந்திருக்கும், கண்ணாடியை ஒட்டிய பரப்புக்குத்தான் அந்தப் பளபளப்பு வரும், பின்புறம் சொரசொரவென்று இருக்கும். சிஐஎஸ் ஸ்கேனரும் கிட்டத்தட்ட அப்படித்தான். கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருப்பதை அருமையாக எடுக்கும், ரேஷன் கார்டு, பத்திரம், மார்க் ஷீட் எதுவானாலும் குறை சொல்ல முடியாது. ஒரு மில்லிமீட்டர் இரண்டு மில்லிமீட்டர் எழும்பினால் மங்கிவிடும். ஐயாவின் ஆல்பத்தில் எது கண்ணாடியைத் தொடும்? தலைகள் ஹிஞ்சில் பாதி எழும்பி நிற்கின்றன. நடுப்பக்கம் தையலுக்குள் வளைகிறது. யுத்த காலத்துக் கவர்களில் தபால் தணிக்கைக்காரர்கள் பிரித்து ஒட்டிய பட்டை காய்ந்து மேடாக இருக்கிறது.

நான் சும்மா சொல்லவில்லை, பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். எதிர் வீட்டில் மெல்லிய ஸ்கேனர் இருக்கிறது, அவர்கள் மருமகளிடம் பழைய சிசிடி ஒன்று இருக்கிறது. ஒரு ஸ்கேலின் ஒரு முனையைக் கண்ணாடியில் வைத்து மறுமுனைக்கு அடியில் ஒரு தீப்பெட்டியைப் படுக்கப் போட்டு, சாய்வாக இருக்கிறபடியே இரண்டிலும் எடுத்தோம். மெல்லியதில் முதல் இரண்டு மூன்று சென்டிமீட்டர் வரைக்கும் கோடுகள் முடிபோலத் தெரிந்தன, அதற்கப்புறம் ஒரே புகை. பழைய சிசிடியில் மறுமுனைப் பக்கத்து எண்களைக்கூடப் படிக்க முடிந்தது. நீ அங்கே எந்த ஸ்கேனரைப் பார்த்தாலும் இந்தத் தீப்பெட்டி சோதனையைச் செய்யாமல் காசு கொடுக்காதே.

இன்னொன்று, ஆல்பத்தை டேப் வைத்து அளந்தேன். ஒரு பக்கம் 25 சென்டிமீட்டர் அகலம், 29 உயரம். ஏ4 ஸ்கேனரின் கண்ணாடி 21.6க்கு 29.7. உயரம் சரியாகப் பொருந்துகிறது, அகலம் இடிக்கிறது. அதற்காக ஏ3 வாங்க வேண்டாம், விலையும் அதிகம், அதைத் தூக்கிக்கொண்டு வரவும் முடியாது. ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு தடவையாக, நடுவில் கொஞ்சம் இரண்டிலும் விழும்படி எடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம். அப்படி எடுக்கும்போது பக்கத்தின் ஒரு ஓரம் கண்ணாடியைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் சட்டத்தின் மேல் ஏறி நிற்கும், தாள் மறுபடி எழும்பும். இதற்கும் சிசிடிதான் கைகொடுக்கும். மூடியை முழுக்க மேலே தூக்கவோ கழற்றவோ முடிகிறதா என்றும் பார், ஆல்பம் தடிமன், மூடியை அழுத்தினால் தையல் போய்விடும்.

டிபிஐ, அதாவது ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்கிற எண், அதைப் பார்த்து மயங்காதே. பெட்டியில் 4800 என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். முழுக் கண்ணாடியையும் 600 டிபிஐயில் எடுத்தாலே ஒரு டிஃப் படக் கோப்பு 100 எம்பிக்குச் சற்று மேலே வரும். 48 பக்கம், இரண்டிரண்டு தடவை, மொத்தம் 10 ஜிபி, ஒரு பென்டிரைவில் அடங்கிவிடும். அதையே 4800ல் எடுத்தால் ஒரு தடவைக்கே ஆறேழு ஜிபி, கம்ப்யூட்டர் மூச்சு வாங்கும். ஆல்பம் பக்கங்களுக்கு 600, முக்கியமான தலைகளைத் தனியாக எடுக்க 1200, பின்னால் சொல்லப்போகிற மயில் தலைக்கு மட்டும் 2400. அவ்வளவு போதும்.

செல்போனில் எடுத்தால் என்ன என்று உன் பெண்டாட்டி கேட்டது நியாயமான கேள்விதான். பேத்திக்குக் காட்ட அது போதும். ஆனால் போன் படத்தில் அளவு நிற்காது, கை கொஞ்சம் சாய்ந்தால் சதுரம் கோணலாகும். ஸ்கேனரில் 1200 டிபிஐ என்றால் 2 சென்டிமீட்டர் என்பது எப்போதும் 945 புள்ளி. தலையின் ஓரத்தில் 2 சென்டிமீட்டருக்குள் எத்தனை துளை என்பதுதான் அதன் பெர்ஃபரேஷன் கணக்கு, அதைத் திரையிலேயே எண்ணிவிடலாம், மூல ஆல்பம் யார் வீட்டில் இருந்தாலும். ஒன்று சொல்கிறேன், ஸ்கேனர் மூடியின் உள்பக்கம் வெள்ளையாக இருக்கும், வெள்ளை ஓரப் பற்கள் அதில் கரைந்து காணாமல் போய்விடும். அங்கே கடையில் பளபளப்பு இல்லாத கறுப்பு அட்டை நாலைந்து வாங்கி வா, உதிரித் தலைகளுக்கு மேலே அதைக் கவிழ்த்து வைத்து எடுத்தால் ஒவ்வொரு பல்லும் தனித்தனியாகத் தெரியும்.

சாஃப்ட்வேரில் தானாக நிறம் திருத்துவது, கூர்மையாக்குவது என்று இருப்பதையெல்லாம் அணைத்துவிடு. அது பழுப்பேறிய தாளை வெளுத்துக் கொடுக்கும், நமக்கு அந்தப் பழுப்புதான் வேண்டும். தலையின் நிறத்தில் ஒரு சாயல் மாறினால் வேறு அச்சு என்று ஆகிவிடும். பின்பக்கமும் எடுக்க வேண்டும் தம்பி, இதை யாரும் செய்வதில்லை. கோந்து இருக்கிறதா, ஹிஞ்ச் தழும்பு எங்கே, எல்லாம் பின்னால்தான். பர்மாவின் 1938 தலைகளில் யானையின் தலை உருவத்தில் நீர்க்குறி, வெளிச்சத்தில் பிடித்தால் தாளுக்குள் தெரிகிற அடையாளம், இருக்கும், ஸ்கேனரில் அது சரியாக விழாது, அதற்காக ஸ்கேனரைக் குறை சொல்லாதே. கவர்களின் பின்பக்கம் நம் ஊருக்கு வந்து சேர்ந்த தேதி முத்திரை இருக்கும். ரங்கூனில் போட்ட கடிதம் எத்தனை நாளில் வீட்டுக்கு வந்தது என்பதை இரண்டு முத்திரையையும் வைத்துத்தான் நான் கணக்குப் பார்ப்பேன்.

மயில் தலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஐயா 14 வயதில் பெட்டியடிப் பையனாக, அதாவது கடையில் எடுபிடி ஆளாக, ரங்கூனுக்குப் போனவர். மொகல் தெருவில் நம்மவர்கள் தொழில் நடத்திய கட்டடமான கிட்டங்கியில் வருகிற கடிதங்களைப் பிரிப்பது அவர் வேலை, கவரை வெட்டித் தலைகளை எடுத்துப் பழைய பேரேட்டுத் தாளில் ஒட்டி வைத்ததுதான் தொடக்கம். பர்மா 1937 ஏப்ரலில் இந்தியாவிலிருந்து பிரிந்தது, ஐந்தாம் ஜார்ஜ் படம் போட்ட இந்தியத் தலை மேலேயே பர்மா என்று ஆங்கிலத்தில் அடித்து விற்றார்கள், அந்த வரிசை முதல் பக்கத்தில் இருக்கிறது. 1942ல் ஜப்பான்காரன் வந்தபோது எல்லோரும் நடந்தே ஊர் திரும்ப, அவர் கிட்டங்கிச் சாவியோடு அங்கேயே இருந்துவிட்டார். அந்தச் சமயத்தில் பர்மா சுதந்திரப் படைக்காரர்கள் ஹென்சாடா, மியாங்மியா பக்கங்களில் ராஜா முகத்தின் மேல் மயிலை அச்சடித்தார்கள். அதில் ஒன்று நம்மிடம் இருக்கிறது. மயில் தலைகளில் போலி ஏராளம். லென்ஸ் வைத்துப் பார்த்தால் மயிலின் கழுத்து வளைவில் மை தடித்து, கீழே இருக்கிற ராஜாவின் காதருகில் மெல்லிய கோடாக ஒழுகியிருக்கிறது. அசல்தானா என்பதை ஐயா இருந்தவரைக்கும் யாரிடமும் கேட்கவில்லை. நான் கேட்கப்போகிறேன், நல்ல ஸ்கேன் ஒன்று இருந்தால் தலையை ஊர் ஊராக அனுப்பாமல் முதலில் படத்தைக் காட்டிக் கேட்கலாம். இனி அது அம்மான் வீட்டுக்குப் போகிற தலை, அசலோ போலியோ, தெரிந்து கொடுப்பதுதான் மரியாதை.

ஆகவே வி600, இல்லையென்றால் அதே மாதிரி சிசிடி ஏதாவது. புதிது கிடைக்காவிட்டால் பழையது பரவாயில்லை, சிங்கப்பூரில் சிம் லிம் ஸ்கொயர் கடைகள் பக்கம் விசாரித்துப் பார். பழையதென்றால் கண்ணாடியின் உள்பக்கம் புகைபோல் படலம் இருக்கிறதா என்று செல்போன் டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பார், வெறும் கண்ணாடியை ஒரு தடவை ஸ்கேன் செய்து நீளக் கோடு விழுகிறதா என்றும் பார். அடாப்டரைக் கேட்டு வாங்கு, அது இல்லாமல் விற்பார்கள். அங்கேயும் 230 வோல்ட்தான், பிளக் மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பயணத்தில் ஆடாமல் இருக்கச் சில ஸ்கேனரில் ஒரு பூட்டு இருக்கும், இருந்தால் போட்டுவிட்டுக் கொண்டு வா, இங்கே வந்து எடுக்க மறந்துவிடாதே. நாலு கிலோ இருக்கும். அதனால் இந்தத் தடவை எனக்கு மைலோவும் தைலமும் வேண்டாம், அந்த இடத்தில் ஸ்கேனரை வை.

இடமும் பார்த்துவிட்டேன். வளவு முற்றத்தில் வெயில் நேராக விழும், வேண்டாம். பட்டாலையில் பெரிய மேசையைப் போடச் சொல்லியிருக்கிறேன், ராமபாணப் பூச்சி வராமல் மேசையைத் துடைத்து வேப்பிலையும் போட்டாயிற்று. நீ கண்ணாடியைப் பார்த்துக்கொள், பக்கத்தைத் திருப்புவது நான், வேறு யாரும் வேண்டாம். அன்றைக்குக் கருப்பட்டிப் பணியாரம் இருக்கும், ஆனால் எண்ணெய்க் கையோடு யாரும் மேசைக்குப் பக்கத்தில் வரக்கூடாது என்று உன் பிள்ளைகளிடம் இப்போதே சொல்லி வை.

முதலில் இலங்கைப் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கலாம். தேயிலை பறிக்கிற தலைக்குக் கீழே, ஐந்து வயதில் நீ பென்சிலால் ஒரு ரயில் வரைந்திருக்கிறாய். ஐயா அழிக்க விடவில்லை. அதுவும் ஸ்கேனில் விழ வேண்டும்.

அன்புடன்,
ஆத்தா