மேடையில் சொல்ல நேரமில்லாமல் போன நன்றிகள்

போன வாரம் கல்லூரியில் என் ஆய்வுக்காக எனக்குப் பாராட்டு விழா நடந்தது. சால்வை, சந்தன மாலை, குழுப் படம் எல்லாம் ஆயிற்று. பேசக் கிடைத்த கொஞ்ச நேரத்தில் பாதி, மேடையில் இருந்தவர்களை வரிசையாக விளிப்பதிலேயே போய்விட்டது. நான் அதிகம் கடன்பட்டிருப்பது மேடைக்கு வராதவர்களுக்கு. அதனால்தான் இந்த மடல்.

நோயாளியிடம் பேசி விவரம் வாங்குவதை நர்சிங் மாணவிகள் வார்டுக்குப் போகும் முன்பே பழகிக்கொண்டால், வார்டில் அதன் வித்தியாசம் தெரியுமா? என் ஆய்வுக் கேள்வி இதுதான். இதற்கு நோயாளியாக நடிக்க ஆட்கள் வேண்டும். 1963இல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஹோவர்ட் பாரோஸ் தொடங்கிவைத்த முறை இது. 1975இல் ஸ்காட்லாந்தின் டண்டியில் ரொனால்ட் ஹார்டன் குழுவினர், செய்முறைத் தேர்வைச் சிறு சிறு நிலையங்களாகப் பிரித்து மதிப்பெண் போடும் முறையை வெளியிட்டார்கள். மாணவிகள் பெயரைக் கேட்டாலே பயப்படும் ஆஸ்கி (OSCE) தேர்வு அதுதான். சரி, சேலத்தில் நோயாளியாக நடிக்க யாரைத் தேடுவது?

அம்மாபேட்டையில் தறி ஓட்டும் ஒரு அக்கா வந்தார். செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்ந்த ஒரு பெரியவர் வந்தார். ஏற்காட்டில் காபித் தோட்ட வேலைக்குப் போகும் ஒரு அம்மா, இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பஸ்ஸில் இறங்கி வந்தார். முதல் நன்றி இவர்களுக்கு.

அந்த அம்மாவுக்குக் கொடுத்த வேடம், பிரஷர் மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிட்ட நோயாளி. ஒரு மாணவி தாளைப் பார்த்தபடியே, "மாத்திரை ஒழுங்கா போடறீங்களா?" என்றாள். "ம், போடறேன் கண்ணு" என்றார் அவர். மாணவி டிக் அடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். முடிந்ததும், "ஏம்மா, நிறுத்திட்டேன்னு சொல்லணும்னு பேசினோமே?" என்று கேட்டேன். "அந்தப் புள்ள என் மூஞ்சியவே பாக்கல டீச்சர். இப்படிக் கேட்டா நெசமான ஆஸ்பத்திரியிலயும் நான் இதத்தான் சொல்லுவேன்" என்றார்.

மாணவி என்னென்ன கேட்டார் என்று பார்த்து மதிப்பெண் போடும் எங்கள் சரிபார்ப்புப் பட்டியல் அன்றைக்கே மாறியது. 'மாத்திரை சாப்பிடுவதைக் கேட்டாரா' என்ற வரி போய், 'கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்று முகம் பார்த்துக் கேட்டாரா', 'மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்தாரா' என்ற இரண்டு வரிகள் வந்தன. எனக்குக் கிடைத்த பாராட்டில் பாதி இந்த இரண்டு வரிகளுக்குத்தான் என்பேன்.

மலைக் கிராமங்களுக்கு என்னை அழைத்துப்போன கிராம சுகாதார செவிலியருக்கு நன்றி. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. வந்த மாத்திரை வயிற்றுக்குள் போகிறதா என்று திண்ணையில் உட்கார்ந்து கேட்பவர் அவர். அவர் கேட்கிற விதத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்ததுதான் எனக்குக் கிடைத்த பயிற்சி.

வார்டு சிஸ்டர்களே, பயிற்சி பெற்றவர் யார், பெறாதவர் யார் என்று தெரியாமலே மாணவிகளுக்கு மதிப்பெண் போட்டீர்கள். நைட் டியூட்டி முடித்து வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில்கூட நின்று போட்டுக் கொடுத்தீர்கள். உங்களுக்கு வெறும் நன்றி போதாது. முதல் சுற்றில் பயிற்சி கிடைக்காமல் காத்திருந்த மாணவிகளுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். ஒப்பிட ஒரு குழு இல்லாமல் எந்த முடிவும் நிற்காது.

கட்டுரையை வெளியிட ஓர் இதழ் கேட்ட தொகையைப் பார்த்து மலைத்துப் போயிருந்தேன். கட்டணம் வாங்காத நல்ல இதழ்களையும், ஒதுங்க வேண்டிய போலி இதழ்களையும் பிரித்துக் காட்டினார் எங்கள் நூலகர். ஸ்கில்ஸ் லேப் உதவியாளர், புள்ளியியல் சார், என் வழிகாட்டிப் பேராசிரியை, இரவில் பிள்ளைகளைத் தூங்கவைத்த என் மாமியார், உங்கள் எல்லோருக்கும் நன்றி.

விழாவில் மேற்கோள் எண்ணிக்கை பற்றியும் ஹெச்-இண்டெக்ஸ் பற்றியும் நிறையப் பேசினார்கள். ஓர் ஆய்வாளரின் கட்டுரைகளைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்பதை வைத்துக் கணக்கிட, 2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்த அளவுதான் ஹெச்-இண்டெக்ஸ். பதவி உயர்வுக்கு உதவும், எனக்கும் உதவியது. ஆனால் நர்சிங்கில் ஆய்வைப் பயன்படுத்துகிறவர்கள் பெரும்பாலும் கட்டுரை எழுதுகிறவர்கள் அல்ல. பட்டியலை நகலெடுத்து வார்டில் ஒட்டும் சிஸ்டர் எந்த மேற்கோள் கணக்கிலும் வரமாட்டார். 1959இல் கிர்க்பாட்ரிக் என்ற அமெரிக்க அறிஞர் பயிற்சியின் பலனை நான்கு படிகளாகப் பிரித்தார்: பிடித்ததா, கற்றார்களா, வேலையில் மாறினார்களா, விளைவு கிடைத்ததா. என் ஆய்வு மூன்றாம் படியில் நிற்கிறது. நோயாளிக்கு என்ன பலன் என்ற நான்காவதை இன்னும் தொடவில்லை. அதற்குள் 'தாக்கம்' என்று பேனர் அடித்தது கொஞ்சம் அவசரம்தான். (பேனர் அடித்த தம்பிகள் கோபிக்க வேண்டாம், படம் நன்றாகவே வந்திருந்தது.)

அடுத்த சுற்றைத் தை கழிந்துதான் வைக்க முடியும். காபிப் பழம் பறிக்கும் காலத்தில் அந்த அம்மா மலையை விட்டு இறங்கமாட்டார். அதுவரை கொலுசுப் பட்டறைப் பெரியவர் நெஞ்சுவலிக்காரராக நடிக்க ஒப்புக்கொண்டிருக்கிறார். சரிபார்ப்புப் பட்டியல் வேண்டும் என்கிற டியூட்டர்கள் கேட்டால் அனுப்புகிறேன். உங்கள் ஊர்ப் பேச்சுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள், என் பெயரைப் போட வேண்டியதில்லை.

அன்புடன்,
ஒரு செவிலியர் ஆசிரியை, சேலம்