வால்பாறை விடுதிக்காரர்களுக்கு: விளக்கும் தொட்டியும்

வால்பாறையில் விடுதியும் ஹோம்ஸ்டேயும் நடத்தும் அன்பர்களுக்கு,

வணக்கம். அட்லஸ் அந்துப்பூச்சியையும் ஆனைமலைப் பறக்கும் தவளையையும் விளம்பரப் படங்களில் பக்கத்துப் பக்கத்தில் போடுகிறீர்கள். நல்லதுதான். ஆனால் இரண்டும் உங்களிடம் கேட்பது ஒன்றல்ல.

போன மழைக்காலத்தில் ஒரு விடுதி வாசலில், விடிந்தும் விடியாத நேரம், அந்தப் பூச்சியைப் பார்த்தேன். என் கை விரித்தாலும் மூடாத செம்பழுப்பு இறக்கை. நுனியில் பாம்புத்தலை போல ஒரு வளைவு, நடுவில் கண்ணாடித்தாள் ஒட்டியது போல முக்கோணச் சன்னல்கள். இரவெல்லாம் வெள்ளை எல்இடி விளக்கில் மோதி ஒரு பக்கம் நார்நாராகக் கிழிந்திருந்தது. வேலைக்காரத் தம்பி சர்க்கரைத் தண்ணீர் வைத்திருந்தார். நல்ல மனசு. ஆனால் அதற்குச் சாப்பிட வாய் கிடையாது! புழுவாக இருந்தபோது தின்று சேர்த்த கொழுப்பு தீரும்வரைதான் ஆயுள், ஒன்றிரண்டு வாரம். அதற்குள் ஆண், காற்றில் வரும் மணத்தைப் பிடித்துக்கொண்டு பெண்ணைத் தேடிப் போயாக வேண்டும். அதில் ஓர் இரவை உங்கள் வாசல் விளக்கு தின்றுவிடுகிறது.

தவளைக்கு இரவுக் கணக்கு அவ்வளவு நெருக்கடி இல்லை. அதற்கு வேண்டியது இடம். 2000-ல்தான் அறிவியல் பெயர் பெற்றது, அதுவும் நம் ஆனைமலையிலிருந்து. தண்ணீருக்கு மேல் தொங்கும் இலைகளை ஒட்டிச் சேர்த்து, நுரை அடித்து, அதற்குள் முட்டையிடும். பொரிந்த தலைப்பிரட்டை சொட்டென்று கீழே விழும். கீழே தண்ணீர் இல்லாமல் சிமெண்ட் தரை இருந்தால் அவ்வளவுதான்.

சரி, செய்ய வேண்டியது என்ன? வெளிவிளக்கைப் பத்து மணிக்கு அணைத்துவிடுங்கள். முடியாவிட்டால் மங்கலான மஞ்சள் பல்பு, மேலே மூடி, வெளிச்சம் தரையைப் பார்க்கட்டும். வெள்ளை விளக்கைவிட மஞ்சளுக்குப் பூச்சி குறைவாகவே வரும். தொட்டி, குட்டை பக்கம் ஜூன் முதல் அக்டோபர் வரை கிளை வெட்ட வேண்டாம். பிளீச்சிங் பவுடரும் பூச்சிமருந்தும் வேண்டவே வேண்டாம். தவளை தண்ணீரைத் தோல் வழியாகவே குடிக்கிறது, மருந்தும் அப்படியே உள்ளே போகும்.

அப்புறம், இலையில் வெள்ளை நுரை தெரிந்தால் யாரோ துப்பியது என்று ஹோஸ் பைப்பால் அடித்துக் கழுவிவிடாதீர்கள். தோட்டக்காரரிடமும் சொல்லி வையுங்கள்.

அன்புடன்,
பக்கத்து எஸ்டேட்காரன்