காது கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

விடுதி அறைத் திறப்பை நேற்றுக் கொடுத்துவிட்டேன். பெட்டியும் தலையணையும் மண்டூருக்குப் போய்ச் சேர்ந்தாயிற்று. நான் மட்டும் ஒரு நாள் பிந்தி வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில் நிற்கிறேன், எங்கள் மரத்தடிக் கவிதை வாசிப்புக்குக் காது கொடுத்த உங்களுக்கு இந்த மடலை எழுதுவதற்காக. எங்கள் பக்கத்தில் முகத்துக்கு நேரே நன்றி சொன்னால், "என்னகா, பிறத்தி ஆக்களுக்குச் சொல்ற மாதிரி" என்று கோபிப்பார்கள். அதனால்தான் எழுத்தில் சொல்கிறேன். கோபிக்க வேண்டாம்.

2022 மார்ச் கடைசியில், இலங்கையின் பொருளாதார நெருக்கடியில், மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. விடுதிக்குள் வெக்கை, நுளம்பு, கும்மிருட்டு. மண்ணெண்ணெய்க்கும் வரிசை. நாங்கள் ஐந்து பேர் ஒரு பாயை எடுத்துக்கொண்டு வெளியே மரத்தடிக்கு வந்தோம். படிக்க வெளிச்சமில்லை, கதைக்கவும் ஒன்றும் மிச்சமில்லை. அப்போது எங்களில் ஒருத்தி, நான் எழுதின ஒன்று இருக்கு, சொல்லட்டா என்று கேட்டாள். மூன்று வருடம் பக்கத்துக் கட்டிலில் படுத்தவள். அவள் எழுதுவது எனக்குத் தெரியாது. முகம் தெரியாத இருட்டு என்றபடியால்தான் சொல்ல வந்தது என்று பிறகு சொன்னாள். மரத்தடி வாசிப்பு அப்படித் தொடங்கியது. கரண்ட் வந்த பிறகும் நாங்கள் உள்ளே போய்விடவில்லை. மாதா மாதம் நிலவு முற்றும் கிழமையில் ஒரு பின்னேரம் பாய் விரிந்தது.

கவியரங்குகளின் மேல் எனக்குக் குறைந்த மதிப்பில்லை. புலவர்மணி பெரியதம்பிப்பிள்ளை பிறந்த ஊர்க்காரி நான். தலைமைக் கவிஞரும் கொடுத்த தலைப்பும் ஒலிவாங்கியும் "மீண்டும் ஒருமுறை" என்ற குரலும் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். ஆனால் மேடைக்கு ஏற நெஞ்சு வராத பிள்ளைகள் எங்கே வாசிப்பார்கள்? அவர்களுக்காகத்தான் மரத்தடியில் மூன்று ஒழுங்குகள் வைத்தோம். போன் பைக்குள் இருக்க வேண்டும். கவிதைக்கு முன்னுரை சொல்லக் கூடாது. வாசித்து முடிந்ததும் மனதுக்குள் பத்து எண்ணும் வரை யாரும் வாய் திறக்கக் கூடாது.

அந்த இரண்டாவது ஒழுங்கு எனக்கு என்ன தந்தது என்பதைச் சொல்லியே ஆகவேண்டும். நான் வாசித்த முதல் கவிதை எங்கள் ஊர்ப் பாதையைப் பற்றியது. குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையில் வாவியைக் கடந்து ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு போகும் மிதவையை நாங்கள் பாதை என்றுதான் சொல்வோம். "பாதை மிதந்து வந்தது" என்று வாசித்தேன். வவுனியாவிலிருந்து படிக்க வந்த நண்பனுக்கு அந்தச் சொல் தெரியாது. ஒழுங்குப்படி நானும் விளக்கவில்லை. அவன் அதை ஒரு கனவாகவே எடுத்துக்கொண்டான். இரவில் தெரு எழும்பி மிதந்து, வெளியூரில் நிற்கும் ஆளைத் தேடி வருகிற கனவு. அவன் சொன்னதைக் கேட்டபோது என் கவிதையை நானே முதல்முறை கேட்டதுபோல இருந்தது. நான் திருத்தவில்லை. நண்பா, நன்றி. ஒருநாள் மண்டூருக்கு வா, அந்தப் பாதையில் ஏற்றிக்கொண்டு போகிறேன்.

தரையில் வந்து இருந்த விரிவுரையாளர் சேருக்கு. நீங்கள் முதல்நாள் வந்தபோது கதிரை தேடி ஓடினோம். வேண்டாம் என்று செருப்பைக் கழற்றிவிட்டுப் பாயின் ஓரத்தில் இருந்தீர்கள். எங்களுக்குப் பாடம் சொல்வீர்கள் என்றுதான் பயந்தோம். நீங்களோ, அடித்தும் திருத்தியும் கிடந்த உங்கள் சொந்தக் கவிதை ஒன்றை எடுத்து வாசித்தீர்கள். விஞ்ஞான பீடத்து முதலாம் வருடப் பிள்ளை ஒருத்தி, "சேர், வாவி மூன்று தரம் வருகுது, கடைசி வாவி தேவையில்லை" என்றாள். எங்களுக்கு மூச்சு நின்றுவிட்டது. நீங்கள் பேனையை எடுத்து அந்த இடத்திலேயே வெட்டினீர்கள். அதற்குப் பிறகு யாரும் யாருக்கும் பயந்து வாசித்ததில்லை.

இடம் பெரிய பிரச்சினையாக இருந்தது. அனுமதியில்லாமல் கூடக் கூடாது என்று ஒருமுறை எழுப்பிவிடப்பட்டோம். கடிதம் கொடுத்தோம், பதில் வரவில்லை. அதோடு மாரி மழையும் தொடங்கியது. கன்டீன் அண்ணன்தான், "பின் விறாந்தை எனக்குத் தந்த இடம், இருங்க பிள்ளையள்" என்றார். மூன்று மாரி அங்கேதான் வாசித்தோம். தகரத்தில் மழை விழும்போது வாசிப்பவரின் குரல் கேட்காது; எல்லோரும் நெருங்கி நெருங்கி ஒரு பாய்க்குள் வந்துவிடுவோம். சீனி விலை ஏறிக் கிடந்த நாட்களிலும், ஆளுக்கொரு பிளேன்டியும் ஒரு சின்னச் சர்க்கரைத் துண்டும் வந்துகொண்டேயிருந்தன. அண்ணே, நீங்கள் ஒருநாளும் கணக்கு எழுதவில்லை. நாங்கள் எழுதி வைத்திருக்கிறோம்.

செங்கலடிச் சந்தியில் போட்டோகொப்பிக் கடை வைத்திருக்கும் அண்ணனுக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். தாள் விலை எட்டமுடியாத காலத்தில், ஒரு பக்கம் அச்சான கழிவுத் தாள்களின் மறுபக்கத்தில் எங்கள் கவிதைகளைப் பாமினி எழுத்துருவில் அடித்துத் தந்தவர். வெறுமனே அடித்துத் தள்ளுகிறவர் இல்லை அவர். ஒருநாள் போன் எடுத்து, "தங்கச்சி, இதில வாறது ளானா 'வளி'யா, ழானா 'வழி'யா? ரெண்டுக்கும் பொருள் வருகுதே" என்று கேட்டார். எழுதினவள் காற்றைத்தான் நினைத்து எழுதியிருந்தாள். ஒரு கிழமை யோசித்துவிட்டு, ழானாவையே போடச் சொன்னாள். கவிதை நல்லாகிவிட்டது. அவ்வளவு கவனமாக எங்களை வேறு யார் வாசித்தார்கள்?

ஏறாவூர்த் தோழிக்கும் அவளுடைய உம்மம்மாவுக்கும். வயல் வட்டைக் காவலுக்குப் பரணில் இருந்தவர்கள் ஒருவருக்கொருவர் இரவிரவாகப் பாடிய கவிகளை நாங்கள் புத்தகத்தில் மட்டுமே படித்திருந்தோம். உம்மம்மாவுக்கு அவை மூச்சுப்போல வந்தன. நான்கு அடிக்குள் ஒரு ஊடல், ஒரு தூது, ஒரு கேலி. ஆம்பிளைகள் யாரும் வாசலில் தலைகாட்டினால் பாட்டு நின்றுவிடும், அவர்கள் போனதும் விட்ட சொல்லிலிருந்தே தொடங்கும். பதிவு செய்யவா என்று கேட்டதற்கு, "போனை வைங்க மனே, காதுல வாங்கினாத்தான் தங்கும்" என்றார். எனக்கு ஏழு கவிகள் தங்கியிருக்கின்றன. அடுத்த பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து கல்முனையில் பஸ் மாறி வந்தவர்களே, கவிஞர்கள் நீலாவணனும் நுஃமானும் சோலைக்கிளியும் எழுதிய மண்ணின் பேச்சை நீங்கள் கொண்டுவந்தீர்கள். உங்கள் வாயில் "மறுகா" (பிறகு) என்ற சொல் கவிதையில் விழும்போதெல்லாம் எங்களுக்கு வீட்டு அடுப்படி மணந்தது. பொலன்னறுவைத் தங்கச்சி, நீ சிங்களத்தில் வாசித்ததில் பாதிக்கு மேல் எங்களுக்குப் புரியவில்லை. ஆனாலும் அன்றைக்குப் பத்து எண்ணி முடித்தும் யாரும் பேசவில்லை என்பது உனக்கு நினைவிருக்கும்.

செப்டம்பர் வாசிப்பைப் பற்றி எழுதலாமா விடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். 1981 இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கிய இந்த வளாகம் 1990 இல் அகதி முகாமாக இருந்தது. அந்த வருடம் செப்டம்பர் 5 ஆம் திகதி இங்கே அடைக்கலம் புகுந்திருந்தவர்களில் 158 பேரைப் படையினர் கொண்டுபோனார்கள். அவர்கள் திரும்பி வரவில்லை. அந்த மாதத்தில் தேநீர் இல்லை, புதுக் கவிதையும் இல்லை, பழையதில் ஒன்றிரண்டை மெல்லிய குரலில் வாசிப்போம். ஒரு வருடம், துப்புரவு வேலைக்கு வரும் அம்மா விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டுப் பாயின் ஓரத்துக்கு வந்தார். "எனக்குக் கவிதை தெரியாது பிள்ளை. பேர் சொல்லட்டா?" என்றார். தன் அண்ணனின் பேரைச் சொன்னார், வயதைச் சொன்னார், எழும்பிப் போனார். அம்மா, அதைவிட உண்மையான ஒன்றை நாங்கள் அந்தப் பாயில் கேட்கவில்லை. எங்களை நம்பிச் சொன்னதற்கு என்ன வார்த்தை சொல்வேன்!

வாசிப்பு முடிந்து பெண் பிள்ளைகள் விடுதிக்குத் திரும்பும்போது டோர்ச் லைட்டோடு பின்னால் வந்த காவல் ஐயாவுக்கும், ஞாயிறு பின்னேரங்களில் சைக்கிளில் என்னைப் பாதையடிக்குக் கொண்டுவந்து விட்ட அப்பாவுக்கும் தனித்தனியே நேரில் சொல்லிவிட்டேன்.

கடைசியாக ஒரு தம்பி. அவன் ஒருநாளும் வாசித்ததில்லை. எழுதுவானா என்றும் யாருக்கும் தெரியாது. எல்லா மாதமும் வந்தான், தூணோடு சாய்ந்து இருந்தான், முடிந்ததும் பாயை உதறிச் சுருட்டிக் கட்டினான். வாசி வாசி என்று முதல் வருடம் நானும் அவனை அரியண்டப்படுத்தினேன். பிறகுதான் கவனித்தேன்: புதிதாக வாசிக்க வரும் பிள்ளைகள் கை நடுங்கிக்கொண்டு தாளை விரிக்கும்போது, எல்லோரையும் விட்டுவிட்டு அவனைப் பார்த்துத்தான் தொடங்குகிறார்கள். தம்பி, நீ வாசிக்க வேண்டாம். அந்தத் தூணடியில் இரு. பாய் கன்டீன் அண்ணனிடம் இருக்கிறது, எங்கள் வாசிப்புக் கொப்பியை அதற்குள் சுருட்டி வைத்திருக்கிறேன். முதல் பதினொரு பக்கம் ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், பிரிக்கும்போது பார்த்து.

அன்புடன்,
மண்டூர் அக்கா